கப்பல்காரர் படம்

கல்லறைத் திருநாளன்று எங்கள் ஊரில் எல்லோரும் செத்தவர்களைத் தேடிக் கல்லறைக்குப் போவார்கள். லில்லி வீட்டில் மட்டும் செத்தவரைக் கையில் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் தாத்தா சவரிராயனுக்குக் குழி கிடையாது. உலகச் சண்டைக் காலத்தில் பிரெஞ்சுக்காரன் கப்பலில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை. எந்தக் கடல் கொண்டுபோனது என்று ஒரு தகவலும் இல்லை. அதனால் கூடத்தில் மாட்டியிருக்கும் அவர் படத்தைப் பலகையோடு கழற்றி, பூச்சரம் சுற்றி, மழை வந்தால் மேலே யூரியா சாக்கைப் போர்த்தி, கல்லறைத் தோட்டத்து மதிலோரம் கொண்டுபோய்ச் சாத்தி மெழுகுவத்தி கொளுத்துவார்கள். சாமியார் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது அந்தப் படத்துக்கும் தெளிப்பார். புதிதாக மாற்றலாகி வருகிற சாமியார்கள் முதல் வருஷம் கொஞ்சம் தயங்குவார்கள். மறு வருஷம் அவர்களே, "கப்பல்காரர் வந்துட்டாரா?" என்று விசாரிப்பார்கள்.

நான் பாகூர் ஏரிக்குத் தெற்கே, சோரியாங்குப்பம் போகிற வழியில் இருக்கும் இந்த ஊரின் பால் சொசைட்டியில் பால் அளக்கிறவன். பெயர் பலராமன். எங்கள் தெரு வேறு, லில்லி இருக்கும் மாதா கோயில் தெரு வேறு. ஆனாலும் காலையும் மாலையும் கேனோடு வந்து வரிசையில் நிற்கிறவர்கள் பாலோடு பேச்சையும் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது வரை எனக்குத் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு லில்லி வீட்டில் நண்டுக் குழம்பு. கப்பல்காரருக்கு நண்டு என்றால் உயிராம். பனித்திட்டிலிருந்து வரும் கூடைக்காரியிடம் லில்லி முன்னாலேயே சொல்லி வைத்துவிடுவாள். எனக்கும் ஒரு தூக்கில் வரும்.

அந்தப் படத்தை நான் அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்து பார்க்கிறேன். கண்ணாடி கிடையாது. அகலமான பலகையில் கஞ்சிப் பசை போட்டு ஒட்டின பெரிய தாள், சுற்றிலும் மரச்சட்டம். அகலக் காலர் வைத்த சட்டை, உச்சியில் குஞ்சம் வைத்த தொப்பி, ஒரு கை இடுப்பில், ஒரு கை கடலைக் காட்டிக்கொண்டு ஒரு வாலிபன். பின்னால் ஒரு கப்பல். எண்பது வருஷ மெழுகுவத்திப் புகையும் விறகடுப்புப் புகையும் ஏறி, சட்டை காப்பி நிறத்துக்கு வந்து, முகம் எங்கள் எல்லோர் முகத்தையும் போல நல்ல கறுப்பாகியிருந்தது. கால் பக்கத்தில் மெழுகு வழிந்து வழிந்து அடை கட்டியிருந்தது. நெஞ்சில் மட்டும் ஓரிடம் வழவழவென்று மின்னும். பரீட்சைக்குப் போகிற பிள்ளை, புதுப்பெண், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கிளம்புகிறவள் எல்லோரும் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்ட இடம் அது. லில்லியின் அப்பா சாகக் கிடந்தபோது அந்தப் பலகையைத்தான் கட்டிலருகே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். தன் அப்பனைக் கண்ணால் பார்த்த ஞாபகம் இல்லாத மனிதர். சவரிராயன் கப்பலேறியபோது அவர் கைக்குழந்தை.

படம் வீட்டுக்கு வந்த கதையை அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். டவுனுக்கு மூட்டை தூக்கப் போன சவரிராயன் வீடு திரும்பவில்லை. கப்பல் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், அதில் சேர்ந்துவிட்டான் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். சவரிராயனின் தாய் நடந்தே புதுச்சேரிக்குப் போய்த் துறைமுகத்து ஆபீஸ் வாசலில் நின்று மகனைக் கேட்டிருக்கிறாள். வாசலில் நின்ற வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. அவள் அழுகிற அழுகையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு, சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினானாம். அப்புறம் கடலைக் காட்டினானாம். அவள் முந்தானையை நனைத்து நனைத்துச் சுவரை ஊறவைத்து, தாளைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஆளத்தான் நீங்க எடுத்துக்கினீங்க, படத்தயாவது நான் எடுத்துக்கறேன்" என்று அவள் சொன்னதாக அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள்.

டவுனில் சொல்தா வீடுகள் என்று உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள். அவர்களுக்குப் பிரெஞ்சு சர்க்காரிடமிருந்து இன்றைக்கும் பென்ஷன் வருகிறது, மரியாதை வருகிறது. சவரிராயன் விஷயமாகக் கேட்டுப் போனவர்களுக்கு, அப்படி ஓர் ஆளை நாங்கள் எடுக்கவே இல்லை என்று பதில் வந்தது. ஓர் உயிரைக் கொண்டுபோய்க் கடலில் தொலைத்துவிட்டு, எடுக்கவே இல்லை என்று சொல்ல என்ன நெஞ்சழுத்தம் வேண்டும். அந்த வீட்டுக்கு மிஞ்சினது அந்தப் பலகைதான்.

அதற்கும் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன் வரக் காரணம் சேவியரின் வாய்.

லில்லியின் புருஷன் சேவியர் பெயின்டர். வீட்டோடு வந்த மாப்பிள்ளை. நல்ல உழைப்பாளி, ஆனால் காலர் கசங்காத ஆள் யாராவது சிரித்துப் பேசினால் உருகிப்போய்விடுவான். வில்லியனூரில் சுரேஷ் என்பவனுடைய பெயின்ட் கடையில்தான் அவன் சாமான் எடுப்பது. சுரேஷுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சண்டைக் காலத்தில் கப்பற்படைக்கு ஆள் சேர்க்கவும், சேர்ந்தவர்களுக்குத் தைரியம் ஊட்டவும் அச்சடித்து ஊர் ஊராக ஒட்டின போஸ்டர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பான். லண்டனிலும் மார்செய்யிலும் ஏலம் போகிற தாள்களைப் போனிலேயே கேட்டு வரவழைப்பான். சிலர் புறா வளர்க்கிறார்கள், சிலர் மீன் தொட்டி வைக்கிறார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. அவன் வீட்டு மாடி ஹாலுக்குப் பெயின்ட் அடிக்கப் போன சேவியர் அந்தப் போஸ்டர்களைப் பார்த்துவிட்டு, "எங்க வூட்லயும் இதே மாதிரி ஒருத்தரு இருக்கறாரு மொதலாளி, எங்க மாமனாரோட அப்பா" என்று சொல்லிவைத்தான்.

அடுத்த வாரமே கார் வந்து சொசைட்டி வாசலில் நின்று வழி கேட்டது. நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனேன். லில்லி சம்பா நடவுக்குப் போயிருந்தாள். சுரேஷுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், அமைதியான முகம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். படத்தின் முன்னால் போய் நின்றான். போன் லைட்டை அடித்து மூலை மூலையாகப் பார்த்தான். மெழுகை நகத்தால் லேசாகச் சுரண்டினான். அவன் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"சேவியர், இது எத்தன வருஷமா இப்பிடியே இருக்கு?"

"எங்க மாமனாரு கைக்கொழந்தையா இருந்தப்பலேர்ந்து மொதலாளி."

"பின்னாடி கரையான் ஏறிடுச்சி பாரு. இந்த மழைக்குத் தாங்காது. மொத்தமும் மண்ணாப் போயிடும்."

"அய்யய்யோ. இப்ப இன்னா மொதலாளி செய்யறது?"

"நான் எடுத்துனு போறேன். பலகையிலேர்ந்து பிரிச்சி, பின்னாடி துணி குடுத்து ஒட்டி, சுத்தம் பண்ணிடலாம். இன்னும் நூறு வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"கல்லறத் திருநாளுக்கு வேணுமே மொதலாளி. அன்னிக்கி இவரு கல்லறைக்குப் போவணும்."

"யாரு போவணும்?"

"இவருதான்."

சுரேஷ் படத்தைப் பார்த்தான், சேவியரைப் பார்த்தான், புன்னகைத்தான். "அதுக்குள்ள குடுத்துடறேன்" என்றான்.

"லில்லி வந்துரட்டுமே தம்பி. அவ தாத்தா படம்" என்று நான் குறுக்கே சொன்னேன்.

"நீங்க?"

"பால் சொசைட்டி."

"ஓ" என்றான். அதோடு என் பேச்சு முடிந்தது. பலகையைப் பழைய போர்வையில் சுற்றிக் காரின் பின் சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் கடை வண்டியில் ஒரு பெரிய வாளி பெயின்ட் வந்து அந்த வீட்டு வாசலில் இறங்கியது. வீட்டுக்கு அடித்துக்கொள்ளச் சொல்லி முதலாளி கொடுத்தாராம். வெள்ளை.

படம் போன அன்றைக்கே சாயங்காலம் லில்லி கேனை டொக்கென்று மேசையில் வைத்த விதத்திலேயே விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. காலில் சேறு காயாமல் இருந்தது. பின்னாலேயே சேவியரும் வந்தான். வரிசையில் நின்றவர்கள் பாலை மறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள்.

"படம் எங்கன்னு கேட்டா கரையான் ஏறிடுச்சின்னு பதில் சொல்றான் இந்த ஆளு. நீயே கேளு பலராமண்ணா."

"நல்லதுக்குத்தான்டி குடுத்தேன்."

"ஒங்க அப்பன் படமா அது, கழட்டிக் குடுக்கறதுக்கு?"

"எனக்கும் தாத்தாதான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான்தான கல்லறைக்குத் தூக்கினு போறேன். நீயா தூக்கின?"

"தூக்கினு போறவன் தூக்கியே குடுத்துட்டான்."

வரிசை சிரித்தது. லில்லி சிரிக்கவில்லை.

"எப்ப தருவாராம்?"

"திருநாளுக்கு முன்ன தரேன்னு சொன்னாரு."

"தரலன்னா?"

"பெரிய மனுசன்டி அவரு. நம்ம வூட்டுப் படத்த வெச்சினு அவரு இன்னா பண்ணப் போறாரு?"

"அதான் எனக்கும் வெளங்கல. நம்ம வூட்டுப் படத்த எடுத்தும்போயி அவரு இன்னா பண்ணப் போறாரு?"

நான் அவள் கேனை வாங்கிப் பாலை அளந்து ஊற்றினேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நடவு முடிந்த வயல்களில் நாற்றுக்கு மேலே தண்ணீர் நின்றது, வடிகாலை வெட்டிவிடப் போனவர்கள் முழங்கால் சேற்றோடு திரும்பினார்கள். ஆரம்பத்தில் சேவியர் போன் பண்ணினால் சுரேஷ் எடுத்து, "வேல நடந்துகினு இருக்கு சேவியர்" என்றான். அப்புறம் எடுப்பதில்லை. கடைக்குப் போனால் முதலாளி வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். பெயின்ட் வாளியை உடைத்துக் கூடத்துச் சுவருக்காவது அடிக்கலாம் என்று சேவியர் ஒரு நாள் பேச்செடுத்தான். லில்லி அந்த வாளியைத் தூக்கி வெளியே சாக்கடையோரம் வைத்துவிட்டாள். படம் இருந்த இடத்தில் சுவரில் வெளுப்பாக ஒரு சதுரம் மட்டும் தெரிந்தது. அவளுடைய மகள் தேவி நர்சிங் படித்துவிட்டு வேலைக்கு இன்டர்வியூ போனபோது, பழக்கத்தில் அந்தச் சதுரத்தைத் தொட்டு விரலை முத்திக்கொண்டு போனாளாம். லில்லிதான் இதை என்னிடம் சொன்னாள்.

கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கினார்கள், சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மதிலோரம் கப்பல்காரர் இடத்தை லில்லி தானே செதுக்கி மெழுகிவிட்டு வந்தாள். திருநாளன்று விடிகாலை பால் ஊற்ற வந்தவள் பட்டுப் போன்ற பழைய நைலான் புடவை கட்டியிருந்தாள். கையில் துணிப்பை, பைக்குள் பூச்சரமும் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும்.

"வில்லியனூரு போறோம் அண்ணா. படத்த வாங்கினு நேரா கல்லறைக்குத்தான். நீயும் வா. இந்த ஆளு அங்க போனா, சரிங்க மொதலாளின்னு சொல்லிட்டு வந்துருவான்."

கூட இருந்தவனிடம் சொசைட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனேன். பஸ்ஸில் சேவியர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். லில்லி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுரேஷின் வீட்டில் கதவைத் திறந்தது அவன் அம்மா சுலோசனா. கையில் பூக்கூடை, நெற்றியில் ஈர விபூதி. எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாடியைக் காட்டினார். சுரேஷ் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "நானே வரணும்னு இருந்தேன், வாங்க வாங்க" என்றான். நடிப்பு இல்லை, உண்மையாகவே மலர்ந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஹாலில் ஏசி குளிர் முகத்தில் அடித்தது. சுவர் முழுக்கக் கப்பல், கடல், சிப்பாய். ஒன்றில் ஒரு வெள்ளைக்காரி மாலுமித் தொப்பி போட்டுக்கொண்டு கண்ணடித்தாள். ஒன்றில் தண்ணீரில் மூழ்குகிறவன் கை மட்டும் மேலே நீண்டு விரல் காட்டியது. ஒன்றில் ஒரு தாய் மகனை வழியனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரில் எந்தத் தாய் அப்படிச் சிரித்து அனுப்பினாள் என்று படம் போட்டவனைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு. லில்லி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் நடுச்சுவரின் முன்னால் நின்றாள். அங்கிருந்து திரும்பிக் கேட்டாள்.

"எங்க படம் எங்க தம்பி?"

"நீங்க அது முன்னாடிதாம்மா நிக்கறீங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். ரோஜா நிறக் கன்னம். நீலக் கண். தொப்பிக்குக் கீழே மஞ்சள் மயிர் ஒரு கற்றை. பால் வெள்ளைச் சட்டை, சிவப்புக் குஞ்சம். அச்சு அசல் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கடலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான். நெஞ்சில் அந்த வழவழப்பு இல்லை.

"யாரு இது?" என்றாள் லில்லி.

"அதேதாம்மா. பலகையோட தட்டுல ஊறப் போட்டு, பசை எளகினதும் தாள உரிச்சி எடுத்தேன். மெழுக அயர்ன் பாக்ஸ் வெச்சி ஒத்தி எடுத்தேன். கரிய பஞ்சால ஒத்தி ஒத்தி, தண்ணிய மாத்தி மாத்திக் கழுவினேன். தண்ணி டிக்காஷன் மாதிரி எறங்குச்சி. கலரு எப்பிடி வந்திருக்கு பாருங்க. இந்தப் பக்கத்துக்குன்னு தமிழும் சேத்து அச்சடிச்சது. எனக்குத் தெரிஞ்சி எங்கயும் இன்னொண்ணு இல்ல."

கீழே இத்தனை வருஷம் மெழுகுக்கும் கரிக்கும் அடியில் கிடந்த எழுத்து வெளியே வந்திருந்தது. மேலே பிரெஞ்சு, அதற்குக் கீழே பழைய அச்சில் தமிழ். லில்லிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் அவள் என்னைப் பார்த்தாள். நான் படித்தேன். "வாலிபர்களே, மாலுமிகளாகச் சேருங்கள். வயிறார உணவு. புதிய உடுப்பு. உலகத்தைப் பார்த்து, மதிப்போடு வீடு திரும்புங்கள்."

"கடைசில இன்னா சொன்ன?"

"மதிப்போடு வீடு திரும்புங்கள்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்கும் கீழே பித்தளைத் தகட்டில் சுரேஷ் பொறித்து வைத்திருந்ததையும் நானே படித்துத் தொலைத்தேன். "கப்பற்படை ஆள்சேர்ப்பு போஸ்டர். பாகூர் கொம்யூன் கிராமம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது." கண்டெடுக்கப்பட்டதாம். ஆணியில் மாட்டியிருந்ததை, பூ சூட்டியிருந்ததை, வீட்டுக்காரன் தன் கையாலேயே கழற்றிக் கொடுத்ததை, தெருவில் கிடந்த செல்லாக் காசு போலக் கண்டெடுத்தானாம்.

"மொதலாளி, சாயந்தரம் கல்லறைக்குப் போவணும்" என்றான் சேவியர் மெதுவாக.

"அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன் சேவியர்." சுரேஷ் மேசைக்கு அடியிலிருந்து சுருட்டி வைத்திருந்த ஃபிளெக்ஸ் ஒன்றை எடுத்து விரித்தான். பழைய படமேதான், கறுப்பு முகம், மெழுகு அடை எல்லாம் அப்படியே. "கழுவறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்துட்டேன். மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது. இத்தத் தூக்கினு போங்க. ஒரிஜினல் இங்கயே இருக்கட்டும். ஒங்க வூட்டுக்குப் போனா திரும்பவும் பொகை ஏறும், கரையான் ஏறும். இங்க ஏசியில பத்திரமா இருக்கும். எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம்."

லில்லி ஃபிளெக்ஸின் நெஞ்சுப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"இத்த எங்கப்பா தொட்டதில்ல" என்றாள். "எங்க ஆளுங்க ஒருத்தரும் தொட்டதில்ல."

சுரேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. அவனும் நின்றபடி, படிக்காதவர்களுக்குச் சொல்கிற அந்தப் பொறுமையான குரலில் சொன்னான்.

"ஒரு விஷயம் சொல்றேன், மனசு கஷ்டப்படாதீங்க. இது ஒங்க தாத்தா கெடையாதும்மா. இது ஒரு ஆர்ட்டிஸ்ட் வரைஞ்ச விளம்பரம். ஊரு ஊருக்கு ஒட்டினது. நீங்க இத்தன வருஷமா யாரோ ஒரு வெள்ளக்காரனுக்கு மெழுகுவத்தி ஏத்தினு இருந்திருக்கீங்க."

இவ்வளவு நேரம் அவனைத் தம்பி என்றும் நீங்க என்றும் பேசிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் மாறினாள்.

"எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா நீ?"

"இல்லம்மா, அதாவது..."

"எங்க தாத்தாவுக்கு மஞ்ச மயிரா இருக்கும்? வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்குத் தெரியும் அது அச்சடிச்ச தாளுன்னு. எங்கப்பனுக்குந் தெரியும். கோயில்ல மாதா சுரூபம் இருக்குதே, மாதாவே வந்து நின்னு செஞ்சிகினு போனாங்களா? மரந்தான அது. ஒங்க வூட்டு சாமி கல்லுதான? போயி கழுவிப் பாத்துட்டு, அடியில கல்லுதான் இருக்குதுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லுவியா நீ?"

"அது வேற" என்றான் சுரேஷ்.

"இன்னா வேற? அந்தத் தாள்ல எங்காளு இல்லதான். மேல இருந்தாரு. கிழவி கண்ணீரு, எங்கப்பன் ஏத்துன மெழுகுவத்தி, எங்கம்மா அடுப்புப் பொக, எங்க கைரேக அத்தினியும் சேந்து, வெள்ளக்காரன் மொகத்து மேல எங்க தாத்தா மொகம் வந்துச்சி. எத்தினி வருஷம் ஆச்சி அந்த மொகம் வர்றதுக்கு. நீ அத்த வழிச்சி எடுத்துட்டு வெள்ளக்காரன காப்பாத்தி வெச்சிருக்கற."

சேவியர் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அவளைத் தொடப் போனவன் தொடாமல் நின்றுவிட்டான்.

"கழுவுன தண்ணிய எங்க ஊத்துன?" என்று லில்லி கேட்டாள்.

சுரேஷுக்குப் புரியவில்லை. "எந்தத் தண்ணி?"

"டிக்காஷன் மாதிரி எறங்குச்சின்னு சொன்னியே. அந்தத் தண்ணி. பஞ்சு. அதெல்லாம் எங்க?"

"கெமிக்கல் எதுவும் கலக்கல, வெறும் தண்ணிதான். அதனால பின்பக்கம் செம்பருத்திச் செடிக்கு ஊத்தினேன். பஞ்சும் அங்கதான் மண்ணுல..."

அவன் முடிப்பதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். சமையலறை வழியாகத் தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு போனாள். மதிலோரம் ஆளுயரச் செம்பருத்தி, தூறலில் நனைந்து அடுக்கடுக்காகப் பூத்து நின்றது. சுலோசனா கூடையோடு பூப்பறித்துக்கொண்டிருந்தார். லில்லி அவர் காலருகே மண்டியிட்டு உட்கார்ந்து, செடியின் அடிமண்ணைக் கையால் கிளறினாள். கறுத்துப்போன பஞ்சு ஒன்று வந்தது. அதை மண்ணோடு திரும்பவும் மூடித் தட்டிவிட்டாள். மேலே பூச்சரத்தைப் போட்டாள். பையிலிருந்து மெழுகுவத்தியை எடுத்து மண்ணில் ஊன்றிக் கொளுத்தினாள். தூறல் அணைக்காமல் இருக்க உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி பண்ற?" சுலோசனா பின்வாங்கினார். "இது சாமிக்குப் பூப்பறிக்கற எடம். இங்க வந்து சாவு மெழுகுவத்தி கொளுத்தற. எழுந்திரு மொதல்ல."

"ஒம்புள்ளதாம்மா இங்க பொதச்சிருக்கறான். நான் கொளுத்த மட்டுந்தான் வந்தேன்."

"யாரப் பொதச்சான்? சுரேஷ், இன்னாடா சொல்றா இவ?"

சுரேஷ் மாடிக்கு ஓடினான். இறங்கி வரும்போது அந்த வெள்ளைக்காரனைக் கண்ணாடியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது. "எடுத்துனு போங்கம்மா. ஒரிஜினலே எடுத்துனு போங்க. எனக்கு ஒண்ணும் வேணாம், இந்த மெழுகுவத்திய மட்டும் அணைச்சிடுங்க" என்றான். அவன் அதைக் கொடுக்க எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பரிதாபம் வரவில்லை.

லில்லி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உதடு அசையப் பரலோக மந்திரத்தைச் சொல்லி முடித்தாள். சேவியரும் அவள் பக்கத்தில் மண்டியிட்டுச் சொன்னான். எனக்கு அந்த மந்திரம் தெரியாது. கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு, கையிலிருந்த மண்ணைத் தட்டாமல் எழுந்தாள்.

"அவன் யாரோ. நீயே வெச்சிக்க" என்றாள் சுரேஷிடம். சுலோசனாவின் கூடையில் கிடந்த பூக்களைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தச் செடியில கைய வெக்காதம்மா. இது எங்களுது" என்றாள். மெழுகுவத்தி நின்று எரிந்துகொண்டிருந்தது. அணைக்க ஒருவரும் குனியவில்லை. அவள் வாசல் வரைக்கும் நடந்து போய், அங்கே நின்று திரும்பி, தூறலில் நனைந்துகொண்டே சொன்னாள்.

"வர்ற வருஷமும் இதே நாள் வருவேன். அதுக்கடுத்த வருஷமும் வருவேன். எனக்கப்பறம் எம்பொண்ணு வருவா. வாசல் கேட்டப் பூட்டி வெக்காத."